லிஃப்டுக்குள் ஒட்டிய தாள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி முகாமைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓடும் ஒழுங்கைகளில் எழுந்திருக்கும் தொடர்மாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அங்கிள்மார். சம்பளமில்லாத வேலை, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். லிஃப்ட் நின்றால் உங்களைத்தான் எழுப்புகிறோம், தண்ணீர் வராவிட்டால் உங்கள் கதவைத்தான் தட்டுகிறோம். 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது ஜெனரேற்றருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றவர்களும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வட்ஸ்அப் குழுவில் சண்டை பிடிக்காமல் மடலாக எழுதுகிறேன்.

விசயம் அண்மையில் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்ட ஒரு அறிவித்தல். எந்தக் கட்டடம் என்று சொல்லப்போவதில்லை. இதே மாதிரித் தாளை வேறு கட்டடங்களிலும் பார்த்ததாகச் சிநேகிதிகள் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாசகம் கிட்டத்தட்ட இப்படி: “தனியாக வசிக்கும் பெண்களும், வாடகைக்கு இருக்கும் பெண் பிள்ளைகளும் இரவு 9 மணிக்குப் பின் வெளியாட்களை வீட்டுக்குள் அனுமதிக்கக் கூடாது. 10 மணிக்குப் பின் திரும்புவோர் காவலாளியிடம் உள்ள புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். இது உங்கள் பாதுகாப்பிற்காகவே.”

தனியாக வசிக்கும் ஆண்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எனக்கு மேல் மாடியில் நான்கு பெடியள் வாடகைக்கு இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கிரிக்கெட் நடக்கும் இரவுகளில் அவர்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. குறிக்கவும் தேவையில்லை. அவர்களுக்குத் தேவையில்லாத புத்தகம் எனக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி.

பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம்.

அந்தப் புத்தகம் வாசலில் காவலாளியின் மேசைமேல் திறந்தபடி கிடக்கிறது. சாப்பாடு கொண்டுவரும் பெடியன், காஸ் சிலிண்டர் தூக்கி வருபவர், கேபிள் திருத்த வருபவர், எல்லோரும் அந்த மேசையருகில் நின்றுதான் உள்ளே வருகிறார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும், எந்த இலக்க வீட்டில் பெண் தனியாக இருக்கிறாள், வழமையாக எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று தெரிந்துவிடும். கெட்ட எண்ணத்தோடு வரும் ஒருவன் கேட்டாலும் இவ்வளவு ஒழுங்காக எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. இந்த யோசனை குழுவில் ஒருவருக்கும் வரவில்லை என்பதை என்னால் நம்ப முடிகிறது, ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் உங்கள் யாருடைய பெயரும் எழுதப்படுவதில்லை.

காவலாளியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எங்களுடையவர் அறுபது தாண்டிய சிங்கள மனிதர். பன்னிரண்டு மணிநேர வேலை, கால் வீக்கம். நான் கையெழுத்துப் போடும்போது அவர் வேறு பக்கம் பார்க்கிறார். அவரை எங்களை வேவு பார்க்கும் ஆளாக ஆக்கியதில் அவருக்கும் மகிழ்ச்சி இல்லை.

உண்மையான பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாங்கள் சொல்லியிருப்போம். கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் தூணுக்குப் பின்னால் இருக்கும் மின்குமிழ் எரிவதில்லை. எழுத்தில் கேட்டும் மாற்றப்படவில்லை, “அடுத்த மாதக் கணக்கில் பார்ப்போம்” என்றார்கள். பின்பக்கப் படிக்கட்டுக் கதவின் பூட்டு உடைந்து கிடக்கிறது. ஒழுங்கை முனையில் இருக்கும் தெருவிளக்குப் பற்றி மாநகர சபைக்கு ஒரு கடிதம் போடச் சொல்லிக் கேட்டோம். இந்த மூன்றும் பணமும் நேரமும் கேட்கும் வேலைகள். தாள் ஒட்டுவது மலிவு.

அப்புறம், ஒரு பெண் இரவு பத்து மணிக்கு வாசலுக்கு வந்து சேரும்போது அவள் பாதுகாப்பைப் பற்றிய பரீட்சையை ஏற்கெனவே எழுதி முடித்திருக்கிறாள். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவளுக்குத் தெரியும், எந்தக் கம்பியைப் பிடிப்பது, பையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, ஊசியைச் சட்டையில் எங்கே குத்திவைப்பது என்று. எங்கள் அம்மாமார் காலத்து ஊசி இன்னும் வேலையில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருப்பதாக 90 சதவீதமான பெண்கள் சொன்னார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இதைக் குற்றம் என்றும் ஐந்து ஆண்டுவரை சிறை கிடைக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் பஸ்ஸில் வாய் திறக்கும் பெண்ணிடம் முதலில் வருகிற கேள்வி “இந்த நேரத்தில ஏன் தனிய வந்தனீங்கள்?” என்பதுதான். உங்கள் புத்தகமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது, பேனாவால்.

இந்தக் கேள்விகளின் நீளம் வாடகைக்கு வீடு தேடிய பெண்களுக்குத்தான் தெரியும். என் அலுவலகத்தில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை கணக்கியல் பரீட்சைக்குப் படித்தபடி வேலை செய்கிறாள். அவளுக்காக ஹம்டன் லேன் பக்கமும் ராமகிருஷ்ண வீதிப் பக்கமும் நானும் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தேன். தரகர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு கொடுப்பீர்கள் என்றல்ல. “பிள்ளை கலியாணம் முடிச்சாச்சோ? அப்பா அம்மா எங்க இருக்கினம்? எத்தனை மணிக்கு வேலையால வருவா? ஆம்பிளைப் பிள்ளையள் வந்து போவினமோ?” அதற்குப் பிறகு, தகப்பனோ தமையனோ நேரில் வந்து கதைத்தால்தான் அடுத்த பேச்சு என்பார்கள். தகப்பன் இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்று இவர்களுக்குத் தெரியாதா? யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பெண்ணுக்குப் பொறுப்பாக ஆண் ஒருவர் எப்போதும் எங்கேயோ இருக்கவே வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணமாகாத பெடியளுக்கும் வெள்ளவத்தையில் வீடு கிடைப்பது லேசல்ல. “குடும்பத்துக்கு மட்டும்” என்ற விளம்பரம் அவர்களையும் வெளியே தள்ளுகிறது. பெண் பிள்ளைகள் என்றால் வீட்டுக்காரருக்கு ஒருவகையில் விருப்பம்கூட. துப்புரவாக வைத்திருப்பார்கள், சத்தம் இருக்காது, வாடகை பிந்தாது. ஆனால் பெடியன் ஒருமுறை திறப்பை வாங்கிவிட்டால் அது அவன் வீடு. பெண் பிள்ளை அதே வாடகையைக் கட்டி, அதே முற்பணத்தைக் கொடுத்து, விருந்தாளி மாதிரி இருக்கவேண்டும். பிரிட்ஜில் என்ன இருக்கிறது, பல்கனியில் என்ன காய்கிறது என்பதுவரை வீட்டுக்கார அன்ரிக்குக் கணக்கு. ஆம், அன்ரிமாரும்தான். அறிவித்தலை எழுதியது ஆண்கள் என்றால், அதற்கான முறைப்பாட்டைக் கொண்டுவந்ததில் பெண்களும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த விதிகளுக்குள் வாழ்ந்து முடித்தவர்களுக்கு, இன்னொருத்தி அவை இல்லாமல் வாழ்வதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் உங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களை ஒரு விசயம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். யார் நீ, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய், உனக்குப் பொறுப்பு யார்? இந்தக் கேள்விகளை நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கேட்கப்பட்டோம். கொழும்பில் ஒரு தமிழர் வீடு எடுத்தால் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் இரவு தூங்க முடியாது. வடக்கிலிருந்து வந்த மருமகளை வீட்டில் வைத்திருக்கவும் பொலிஸ் நிலையத்துக்கு ஓடவேண்டியிருந்தது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில், வெள்ளவத்தை உட்பட கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பதுதான் சொன்ன விளக்கம். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது.

துப்பாக்கியோடு வந்த அரசும் பசையோடு வந்த குழுவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் இருப்பதற்குக் காரணம் காட்டச் சொல்லிக் கேட்கும்போது உடம்பில் ஏற்படும் கூச்சத்தை இந்த ஊரில் தமிழருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அதைத் தாங்கியவர்களே இன்று அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்திருப்பதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சட்டம் இதில் எங்களுக்குப் பெரிதாக உதவாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அதன் மூன்றாம் பந்தி கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், சொந்த மதத்தின் வழிபாட்டிடங்கள் என்று பட்டியல் போடுகிறது. 1978இல் அதை எழுதியவர்களுக்கு வாடகை வீடு ஞாபகம் வரவில்லை. ஆகவே தரகரையும் வீட்டுக்காரரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதாக நான் மிரட்டவில்லை. மிரட்டுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் என் விசயம் வேறு. நான் வாடகைக்கு இருப்பவள் அல்ல.

இந்த வீடு கட்டடம் வரைபடமாக இருந்த காலத்தில் அப்பா எனக்குச் சீதனமாக வாங்கியது. கட்டுபவர் கொஞ்சம் பிந்தினாலும் வீட்டைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வரவில்லை. அதற்குள் அப்பா காலமாகிவிட்டார். உறுதி என் பெயரில், மின்சாரப் பட்டியல் என் பெயரில், பராமரிப்புக் கட்டணம் என் வங்கிக் கணக்கிலிருந்து. நானும் அம்மாவும் இருக்கிறோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி ஒவ்வொரு வீட்டின் சொந்தக்காரரும், கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர். அதாவது, நீங்கள் யாருடைய சார்பில் அந்த அறிவித்தலை ஒட்டினீர்களோ அவர்களில் நானும் ஒருத்தி.

இதை யாரும் எனக்கு நேரே மறுத்ததில்லை. நடப்பில்தான் வேறு. ஒருநாள் என் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்குத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கீழ்வீட்டு அங்கிளுக்கும் எனக்கும் இடையில் ஒரு படிக்கட்டு. அவர் அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை. யாரிடமோ இலக்கம் வாங்கி ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவுக்கு அழைத்து, “தம்பி, உங்கட தங்கச்சியின்ர பாத்ரூமால எங்கட சீலிங் ஊறுது” என்றிருக்கிறார். எங்களுக்கு மதியம், அண்ணாவுக்கு விடியப்புறம் மூன்றரை. அவர் இந்த வீட்டை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார், குளியலறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அவர் நித்திரைக் கலக்கத்தில் எனக்கு எடுத்துச் சொல்ல, நான் குழாய்க்காரரைக் கூப்பிட, வந்த குழாய்க்காரர் வாசலில் நின்று கேட்டது: “ஐயா இல்லையோ?”

சிரிப்பாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் இதே பழக்கம் பொதுக்கூட்டத்திலும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தத்தில் கணக்குப் பிழை என்று நான் சொன்னபோது தலைவர், “தங்கச்சி, அதை அண்ணாவோட கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோவன்” என்றார். கணக்காய்வு எனக்குத் தொழில். அண்ணா அங்கே குளிரூட்டி பழுது பார்ப்பவர். அவருக்கும் சங்கடம், “என்னை ஏன் கேக்கினம்?” என்கிறார். அதே கூட்டத்தில் குப்பை பிரிப்பது பற்றிப் பேச வந்ததும் எல்லோருடைய முகமும் பெண்கள் இருந்த வரிசைப் பக்கம் திரும்பியது. உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று வந்தால் நாங்கள்தான் வீட்டுக்காரர்.

கணவன் உள்ள வீடுகளிலும் இதே கதைதான். இந்தத் தொடர்மாடிகளில் கணிசமான வீடுகள் சீதனமாக வந்தவை, உறுதியில் இருப்பது மனைவியின் பெயர். கூட்டத்துக்கு வருவது கணவன். அவருக்குப் பதிலாள் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உறுதியில் பெயருள்ள பெண் அந்த நேரத்தில் மேலே குசினியில் இருப்பாள், ஏனென்றால் கூட்டம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்குத்தான் வைக்கப்படுகிறது. மறுநாள் பள்ளிக்கூடம். பிள்ளைகளின் சட்டை, சாப்பாடு, வீட்டுப்பாடம் எல்லாம் ஏழு மணிக்குத்தான் வந்து விழும்.

இது எங்களுக்குப் புதிதல்ல, பழைய பழக்கம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்தார்கள். பிறகு 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்தப் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. அவன் நியாயமில்லாமல் மறுத்தால் அவள் நீதிமன்றம் போகலாம். கணவன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியிடம் அப்படி எழுதி வாங்கத் தேவையில்லை. தகப்பன் மகளுக்குச் சொத்தைக் கொடுக்கலாம், அவள் அதைத் தான் நினைத்தபடி ஆளக்கூடாது. சீதனத்தைப் பெண்ணுக்குக் கிடைத்த உரிமை என்று பெருமையாகப் பேசுபவர்கள் நொத்தாரிசின் மேசையில் யார் கையெழுத்துக்காக யார் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: இந்த நாட்டில் 1931லேயே பெண்களுக்கு வாக்கு, 1960லேயே பெண் பிரதமர், இன்னும் என்ன வேண்டும்? உண்மைதான். சிறிமாவோ வந்தார், 1994இல் சந்திரிகா வந்தார், 2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். பிரதமரின் இல்லமான அலரி மாளிகைக்குப் போக முடிந்த பெண்களால் எங்கள் தொடர்மாடிக் குழுவுக்கு இன்னும் வர முடியவில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய் என்று அந்தப் பிரதமர்களிடம் புத்தகம் நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

இரவு வேலை முடிந்து வரும் தாதிமார் இந்தக் கட்டடங்களில் இருக்கிறார்கள். அழைப்பு நிலையங்களில் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் அம்மாவோடு இருந்துவிட்டு நடுச்சாமத்தில் வரும் மகள்கள் இருக்கிறார்கள். வேறு எங்காவது போய்விட்டு, சும்மா கடற்கரையில் இருந்துவிட்டு, சிநேகிதியின் பிறந்தநாளில் ஆடிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். முதல் மூன்று பேருக்கும் விலக்கு அளிக்கலாம் என்று நீங்கள் சமரசம் பேசக்கூடும். அந்தச் சமரசம் எனக்கு வேண்டாம். கடற்கரையில் இருந்துவிட்டு வருபவளும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறாள்.

பார்வையாளருக்கு விதி வேண்டுமென்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே விதி போடுங்கள், நானும் கைதூக்குகிறேன். இரவில் சத்தம் என்றால் சத்தத்துக்கு விதி போடுங்கள், அதை யார் போட்டாலும் சத்தம்தான். வெளியாட்களைப் பதிய வேண்டுமென்றால் வருபவரைப் பதியுங்கள், வீட்டுக்காரரைப் பதியாதீர்கள், அந்தப் புத்தகமும் மூடியபடி இருக்கட்டும். பதிவேட்டில் உறுதியில் உள்ள பெயர் எதுவோ அந்தப் பெயருக்கே கடிதமும் பற்றுச்சீட்டும் வரட்டும்.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அந்த அறிவித்தலை நீக்கும்படி ஒரு தீர்மானத்தை எங்கள் கட்டடத்தில் நான் முன்மொழிகிறேன். ஆறாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் வழிமொழியச் சம்மதித்துவிட்டார். பொருளாளர் பதவிக்கும் என் பெயரைக் கொடுக்கிறேன். பெயிண்ட் ஒப்பந்தத்தின் கணக்கையும் கொண்டுவருவேன், பிழை இன்னும் அப்படியே இருக்கிறது. கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள், உறுதியில் பெயருள்ளவர்களால் வர முடியும். அதற்கு முன்பே, கீழ்த்தளத்துத் தூணுக்குப் பின்னால் உள்ள மின்குமிழை மாற்றிவிடுங்கள், அதற்குத் தீர்மானம் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வீட்டுச் சொந்தக்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.